ஜாஸ் சுரக்கூட்டும் இருவகைச் சுருதியும்

சென்ற ஆண்டு நம் கல்லூரி மாணவர் மன்றத்தில் இசையைப் பற்றி நிகழ்ந்த சொற்போர் ஒன்றில் யானும் கலந்துகொண்டேன். "பியானோவின் சுருதி பொய்ச்சுருதி, அதன்மேல் எழுந்த சுரக்கூட்டுக்களும் பொய்யே" என்று அன்று சிறிதும் அஞ்சாது கூறினேன். கேட்டோர் கைகொட்டி மகிழ்ந்தனர். ஓராண்டு கழிந்த இப்பொழுது நோக்குமிடத்து, அக்கூற்றில் பாதி மெய்யும் பாதி அறியாமையும் கலந்திருந்தன என்பது புலனாகின்றது. அவையிற் கூறிய பிழையை அவையறியத் திருத்துதலே முறையாதலின், அன்று கைகொட்டிய நண்பர் பலரும் படிக்கும் இம்மலரிலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

என் கருத்து மாறியதற்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கெனப் பாடகர் குழுவில் நால்வகைக் குரலாரும் பயின்றுகொண்டிருந்தோம். முதல் மூன்று பாக்களையும் ஆர்கன் இன்றிப் பாடுவது, நான்காம் பாவில் ஆர்கன் வந்து கூடுவது என்பது ஏற்பாடு. தனித்துப் பாடியபொழுது எங்கள் சுரக்கூட்டுக்கள் வெண்கல மணி ஒலித்தாற்போல ஒன்றி நின்றன. நான்காம் பாவில் ஆர்கன் புகுந்ததோ இல்லையோ, அனைவரும் திடுக்கிட்டோம். எங்கள் குரல்கள் ஆர்கனின் சுரத்திற்குத் தாழ்ந்து கிடந்தன! யார் செய்த பிழையோ என ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோம். பயிற்றுநர் நகைத்து, "உங்கள் செவியும் பிழைபட்டதன்று; ஆர்கனும் பிழைபட்டதன்று. இரண்டும் வெவ்வேறு கணக்கைப் பின்பற்றுகின்றன" என்றார். பின்னர் என்னை நோக்கி, "சொற்போர் வீரரே, சுரக்கூட்டு மிகப் பெருகி வளர்ந்திருப்பது ஜாஸ் இசையிலே. அங்கே சென்று இவ்விரு கணக்கையும் வைத்துப் பாரும், அதன் பிறகு எது பொய் என்று சொல்லும்" என்று பணித்தார். அவ்வாறு பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

1. சுருதி இரண்டு

ஒரு தந்தியை மீட்டினால் ஓர் ஓசையே எழுவதாக நாம் கருதுகின்றோம். உண்மையில் அவ்வோர் ஓசையுள் பல ஓசைகள் அடங்கியுள்ளன. அடிச்சுரத்தின் அதிர்வெண் வினாடிக்கு 100 ஆயின், அதனுடன் 200, 300, 400, 500, 600, 700 என்னும் அதிர்வெண்களையுடைய மேற்சுரங்களும் மெல்லென எழுகின்றன. இஃது இயற்கை வகுத்த ஏணி. இவ்வேணியின் முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் உள்ள இடைவெளி ஒரு ஸ்தாயி. இரண்டிற்கும் மூன்றிற்கும் உள்ள இடைவெளி பஞ்சமம். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று படிகளையும் ஒருங்கே ஒலித்தால், மேனாட்டார் மேஜர் கார்டு என்று வழங்கும் கூட்டுப் பிறக்கும். பியானோக் கட்டைகளிற் கூறின் அவை சி, ஈ, ஜி. நம்மவர் வழக்கிற் கூறின் சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். இங்ஙனம் சிறிய முழுவெண்களின் விகிதத்தால் அமைவதை இயற்கைச் சுருதி என்று ஈண்டு வழங்குவோம்.

மற்றையது சமச்சுருதி. ஸ்தாயியைப் பன்னிரண்டு அரைச்சுரங்களாக, ஒவ்வொரு படியும் ஒரே விகிதத்தில் உயருமாறு பகுப்பது அது. ஒரு சுரத்தின் அதிர்வெண்ணை 1.05946 ஆற் பெருக்கினால் அடுத்த சுரம் கிடைக்கும்; பன்னிருமுறை பெருக்கினால் இரட்டித்துவிடும். சீன நாட்டு மிங் மரபினரான சூ சாயூ என்னும் இளவரசர் 1584ஆம் ஆண்டளவில் இக்கணக்கை நுணுக்கமாகக் கணித்தார். பிளாண்டர்ஸ் நாட்டுச் சைமன் ஸ்டீவினும் அந்நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இதே முடிபிற்கு வந்தார். 1722ஆம் ஆண்டில் ஜெர்மன் நாட்டு பாஹ் எல்லாச் சுரத்தானங்களிலும் வாசிக்கத்தக்க பாடல்களைத் தொகுத்தபொழுது அவர் கருதியது நன்கு சேர்க்கப்பட்ட சுருதியையேயன்றி முற்றிலும் சமமான சுருதியை அன்று என்பர் இக்கால ஆராய்ச்சியாளர் பலர். பியானோவிற் சமச்சுருதி பொதுவழக்காகப் பரவியது 19ஆம் நூற்றாண்டின் போக்கிலேதான்.

இவ்விரண்டையும் ஒப்பிடற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஆங்கில அறிஞர் அலெக்ஸாந்தர் எல்லிஸ் ஸ்தாயியை 1200 சென்ட் என்னும் நுண்கூறுகளாகப் பகுத்தார். சமச்சுருதியில் ஓர் அரைச்சுரம் 100 சென்ட். இவ்வளவுகோலால் அளப்பின், இயற்கைப் பஞ்சமம் 702. பியானோவின் பஞ்சமம் 700. வேறுபாடு இரண்டே சென்ட். அஃது எளிதிற் புலனாகாது. ஆனால் இயற்கை மேஜர் மூன்றாஞ் சுரம் 386, பியானோவினது 400. ஏறத்தாழ 14 சென்ட் மிகுதி. இயற்கை மைனர் மூன்றாஞ் சுரம் 316, பியானோவினது 300. இங்கே 16 சென்ட் குறைவு. இயற்கை ஏணியின் ஏழாம் படி 969. அதற்கு அண்மையிலுள்ள பியானோக் கட்டை 1000. ஈண்டு வேறுபாடு 31 சென்ட்; அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

செவி இவ்வேறுபாட்டை எங்ஙனம் அறிகின்றது? விம்மலால் அறிகின்றது. பியானோவின் நடுக்கட்டை சியின் அதிர்வெண் 261.63, அதற்கு மேலுள்ள ஈயின் அதிர்வெண் 329.63. சியின் ஐந்தாம் மேற்படியும் ஈயின் நான்காம் மேற்படியும் ஒன்றாதல் வேண்டும். ஆனால் முன்னது 1308 ஆகவும் பின்னது 1318 ஆகவும் நிற்கின்றன. ஆகவே வினாடிக்குப் பத்து முறை ஓசை ஏறி இறங்கித் துடிக்கின்றது. ஈயை 327.03 ஆகத் தாழ்த்தினால் அத்துடிப்பு அடங்கிக் கூட்டு அமைதியுறும். ஆர்கன் இன்றிப் பாடும் குழுவினர், கணக்கு ஒன்றும் அறியாமலே, தம் செவியால் அவ்வமைதியை நாடிச் செல்கின்றனர்.

இம்மட்டில் நின்றால் யான் மன்றத்திற் கூறியதே சரி என்று தோன்றும். இனி ஜாஸ் இசையினுட் புகுவோம்.

2. நிலைத்து நிற்கும் கூட்டு

ஜாஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான மக்களிடையே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. அதன் முதல் இசைத்தட்டு 1917ஆம் ஆண்டில் வெளிவந்தது. கார்னெட், டிராம்போன், கிளாரினெட், மனிதக் குரல் ஆகிய நெகிழும் கருவிகளும், பியானோவாகிய நெகிழாக் கருவியும் அதில் ஒருங்கே இயங்குகின்றன. இருவகைச் சுருதியும் எதிர்ப்படுவதற்கு இதனினும் ஏற்ற களம் வேறில்லை. அன்றியும், பழைய மேனாட்டுக் கீதங்கள் மூன்று சுரக் கூட்டையே பெரும்பாலும் அடிப்படையாகக் கொள்ள, ஜாஸ் நான்கு சுரக் கூட்டை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் ஒன்பதாவது, பதினோராவது, பதின்மூன்றாவது சுரங்களையும் அடுக்குகின்றது.

முதலில் ஏழாங்கூட்டை எடுத்துக்கொள்வோம். சி, ஈ, ஜி, பி பிளாட் என்னும் நான்கும் சேர்ந்தது அது. இயற்கை ஏணியில் இதற்கு நேரான படிகள் 4, 5, 6, 7. அமெரிக்காவில் நால்வர் கூடிப் பக்கவாத்தியமின்றிப் பாடும் பார்பர்ஷாப் என்னும் பாட்டுமுறையினர் இக்கூட்டை இவ்விகிதத்திற் பூட்டி நிறுத்துவதையே தம் கலையின் சிகரமாகக் கொள்வர். அவ்வாறு பூட்டியவிடத்து, நால்வர் பாடவும் ஐந்தாவது குரல் ஒன்று மேலே ஒலிப்பதுபோல் தோன்றும் என்பது அவர்தம் அனுபவம். பியானோவில் அதே கூட்டை அழுத்தினால், பி பிளாட்டின் மேற்படி சியின் ஏழாம் மேற்படியோடு மோதி வினாடிக்கு 33 விம்மல்களை எழுப்பும். செவிக்கு அது கரடுமுரடாகப் படும்.

பழைய மேனாட்டு இசையிலக்கணத்தில் இவ்வேழாங்கூட்டு அமைதியற்றது. வேறொரு கூட்டிற் சென்று அடங்கியே தீரும். ஆனால் ஜாஸின் தாயாகிய ப்ளூஸ் இசையிலோ, பன்னிரண்டு அளவுகளையுடைய பாட்டு ஏழாங்கூட்டிலேயே தொடங்கி, ஏழாங்கூட்டிலேயே முடிந்து இளைப்பாறவும் கூடும். 4, 5, 6, 7 என்னும் விகிதத்திற் பாடும்பொழுது அக்கூட்டு அமைதியாகவே ஒலிக்கின்றதாதலின், ப்ளூஸ் பாடியோரின் செவி இயற்கை ஏழாஞ் சுரத்தை நாடியிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். ப்ளூ நோட் என்று அவர்கள் வழங்கும் மூன்றாஞ் சுரமும் ஏழாஞ் சுரமும் பியானோக் கட்டைகளின் இடையிலே வாழ்வன. அவற்றைக் குறிப்பதற்காகவே பியானோ வாசிப்போர் அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒருசேர அழுத்துவதும் உண்டு. தெலோனியஸ் மங்க் என்பாரின் வாசிப்பில் இவ்வழக்கம் மிகுதி. தன்னிடம் இல்லாத சுரத்தை, அதன் இருமருங்கும் உள்ளவற்றால் சுட்டிக்காட்டுகின்றது அக்கருவி.

இயற்கை ஏணியில் இன்னும் மேலே ஏறினால் ஒன்பதாம் படி பியானோவோடு நன்கு பொருந்தும். வேறுபாடு 4 சென்ட்டே. பதினோராம் படியோ 551 சென்ட்டில் நின்று, 500, 600 என்னும் இரு கட்டைகளுக்கும் நடுவே வீழ்ந்துவிடுகின்றது. பியானோவால் அதனை அணுகவும் இயலாது.

ஆதலின், நிலைத்து நிற்கும் கூட்டிற்கு இயற்கைச் சுருதியே ஏற்றம் தருகின்றது என்னும் முடிபு இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும்.

3. கூட்டினுள்ளே பிணக்கு

இனி வேறு சில கூட்டுக்களை நோக்குவாம். மேஜர் ஏழாங்கூட்டு சி, ஈ, ஜி, பி என்பது. இதன் விகிதம் 8, 10, 12, 15. மைனர் ஏழாங்கூட்டு ஏ, சி, ஈ, ஜி என்பது. இதன் விகிதம் 10, 12, 15, 18. இவ்விரண்டினும் உள்ள பஞ்சமங்களும் மூன்றாஞ் சுரங்களும் யாவும் தூயன. இவற்றையும் இயற்கைச் சுருதியில் அமைத்தல் கூடும்.

ஜாஸ் வாசிப்போர் பாட்டின் முடிவிற் பெரிதும் விரும்பும் ஆறு-ஒன்பது கூட்டு ஒன்று உண்டு. அதன் சுரங்கள் சி, ஈ, ஜி, ஏ, டி. இவற்றைப் பஞ்சம வரிசையில் நிறுத்திப் பாருங்கள்: சி, ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றும் முன்னதற்குப் பஞ்சமம். நான்கு பஞ்சமங்களையும் தூயனவாக வைத்தால், இறுதியில் வரும் ஈ, சியிலிருந்து, ஸ்தாயிகளை நீக்கியபின், 408 சென்ட்டில் நிற்கும். ஆனால் தூய மூன்றாஞ் சுரம் நிற்க வேண்டிய இடம் 386. இடையே 22 சென்ட் முரண். மூன்றாஞ் சுரத்தைத் தூயதாக வைத்தால் பஞ்சமங்களுள் ஒன்றேனும் 680 சென்ட்டாகக் குறைந்து ஓலமிடும். அந்த 22 சென்ட் இடைவெளியே 81க்கு 80 என்னும் விகிதம். நம் நாட்டு இசைநூலார் பலர் பிரமாண சுருதி எனக் கூறுவதும் இதுவே.

கூர்ந்து நோக்குக: இவ்வைந்து சுரங்களும் ஒருங்கு ஒலிக்குங்கால் எல்லா உறவுகளும் தூயவாய் அமைதல் இயலாது. இது பியானோ செய்த குற்றமன்று, எண்களின் இயல்பு. இயற்கைச் சுருதி ஓர் உறவைப் பலியிட்டே ஏனையவற்றைக் காக்கும். சமச்சுருதியோ அந்த 22 சென்ட்டை நான்கு பஞ்சமங்களுக்கும் மூன்றாஞ் சுரத்திற்கும் பங்கிட்டு, பஞ்சமம் ஒவ்வொன்றிலும் 2 சென்ட்டைக் குறைத்து, எஞ்சிய 14 சென்ட்டை மூன்றாஞ் சுரத்தின்மேல் ஏற்றிவிடுகின்றது. ஒருவரும் முற்றிலும் மகிழவில்லை; ஒருவரும் வெளியே தள்ளப்படவுமில்லை.

1959ஆம் ஆண்டில் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆப் ப்ளூ" இசைத்தட்டில் "சோ வாட்" என்றொரு பாட்டு உள்ளது. அதிற் பில் எவான்ஸ் பியானோவில் வாசித்த கூட்டு அப்பாட்டின் பெயராலேயே வழங்குகின்றது. ஈ, ஏ, டி, ஜி என நான்காஞ் சுர இடைவெளியில் மூன்று படி ஏறி, மேஜர் மூன்றாஞ் சுர இடைவெளியிற் பியில் முடிவது அது. பியானோவின் நான்காஞ் சுரம் 500; இயற்கையினது 498. ஆகவே இக்கூட்டு பியானோவில் ஏறத்தாழத் தூயதாகவே, தெளிந்த நீர்போல் ஒலிக்கின்றது. சமச்சுருதியின் வலிமை எங்குள்ளதோ அங்கே தம் கூட்டை அமைத்துக்கொண்டனர் அவ்வாசிப்பாளர். மூன்றாஞ் சுரத்தை உச்சியில் ஒன்றாக மட்டும் வைத்து, நான்காஞ் சுரங்களை அடித்தளமாக்கினர். அன்றியும் பியானோவின் ஓசை தட்டியவுடன் தேயத் தொடங்கிவிடுமாதலின், ஆர்கனில் உறுத்தும் விம்மல் பியானோவில் அத்துணை உறுத்துவதில்லை.

4. நடக்கும் கூட்டு

ஒரு கூட்டைத் தனியே நிறுத்திப் பார்ப்பது வேறு. கூட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்பொழுது பார்ப்பது வேறு. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930ஆம் ஆண்டில் இயற்றிய "ஐ காட் ரிதம்" என்னும் பாட்டின் தொடக்கத்திலுள்ள கூட்டு நடை ஜாஸ் வாசிப்போர் அனைவர்க்கும் அரிச்சுவடி போன்றது. சி என்னும் அடிச்சுரத்தில் வைத்துக் கூறின் அந்நடை சி மேஜர், ஏ மைனர், டி மைனர், ஜி ஏழு எனச் சென்று மீண்டும் சிக்கு வரும்.

இந்நடையை முற்றும் தூய விகிதத்திற் பாடிப் பார்ப்போம். ஒரு கூட்டிலிருந்து அடுத்ததற்குச் செல்லுங்கால் இரண்டிற்கும் பொதுவான சுரத்தை அசையாமற் பிடித்துக்கொண்டு ஏனையவற்றை அதனோடு இயைத்தல் பாடகர்க்கு இயல்பு. சியிலிருந்து ஏக்குச் செல்கையிற் சி பொது; ஏயிலிருந்து டிக்கு ஏ பொது; டியிலிருந்து ஜிக்கு டி பொது; ஜியிலிருந்து சிக்கு ஜி பொது. ஒவ்வோர் அடியும் தூயது. ஒருவரும் பிழை செய்யவில்லை. ஆயினும் சுற்று முடிந்து வந்து சேரும் சி, புறப்பட்ட சியை நோக்க 81க்கு 80 என்னும் விகிதத்தில், அதாவது 22 சென்ட், தாழ்ந்திருக்கும். ஐந்து சுற்று வந்தால் ஓர் அரைச்சுரத்திற்கு மேலேயே இறங்கிவிடும்!

எங்கள் பாடகர் குழு கீழிறங்கிய மருமம் இதனால் ஒருவாறு விளங்கிற்று. குழு தாழ்வதற்கு மூச்சின் தளர்ச்சியும் கவனக்குறைவும் காரணமாதல் உண்டாதலின், இஃதொன்றே காரணம் என்று துணிதல் தகாது. ஆயினும் ஒவ்வோர் அடியும் நேராக வைத்தும் வீடு திரும்ப முடியாத ஒரு வழி உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். பியானோ அவ்வழியில் ஒவ்வோர் அடியையும் சிறிது பிசகி வைக்கின்றது. அதனால் தவறாமல் வீடு வந்து சேர்கின்றது.

5. திரும்பும் கூட்டு

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. 1940ஆம் ஆண்டுகளில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி முதலியோர் வளர்த்த பீபாப் என்னும் நடையில், ஓர் ஏழாங்கூட்டிற்கு மாற்றாக வேறோர் ஏழாங்கூட்டை வைக்கும் உத்தி பெருவழக்காயிற்று. ஜி ஏழிற்கு மாற்றாக டி பிளாட் ஏழு வரும். என்னை? ஜி ஏழின் மூன்றாஞ் சுரம் பி, ஏழாஞ் சுரம் எப். டி பிளாட் ஏழின் மூன்றாஞ் சுரம் எப், ஏழாஞ் சுரம் சி பிளாட். பியானோவில் அது பியே. கூட்டின் உயிர்நிலையாகிய இரு சுரங்களும் இரண்டிற்கும் பொது. அவை தம்முள் பதவியை மட்டும் மாற்றிக்கொள்கின்றன. அடிச்சுரம் எதிர்க்கோடிக்குத் தாவுகின்றது.

இயற்கைச் சுருதியில் இது நிகழுமா? 4, 5, 6, 7 என்னும் விகிதத்தில் ஜி ஏழை அமைத்தால் பியிலிருந்து எப் வரை 5க்கு 7, அது 582.5 சென்ட். டி பிளாட் ஏழை அவ்வாறே அமைத்தால் அதே பியிலிருந்து எப் வரை 7க்கு 10, அது 617.5 சென்ட். இரண்டிற்கும் 35 சென்ட் வேறுபாடு உண்டு. ஆகவே பொதுச்சுரங்கள் உண்மையிற் பொதுவல்ல. பியானோவிலோ அவ்விடைவெளி 600. இரண்டிற்கும் நட்டநடுவே நிற்கின்றது. இருபுறமும் ஒருங்கே நோக்கும் கதவுபோல, அஃது எப்பக்கமும் திறக்கும். இவ்வுத்தியின் இன்பமெல்லாம் அக்கதவின் திருப்பத்திலேயே உள்ளது. 4, 5, 6, 7 என்னும் தூய விகிதத்திலோ அக்கதவு ஒருபக்கமே திறக்கும்.

டிமினிஷ்ட் ஏழாங்கூட்டும் இத்தகையதே. நான்கு மைனர் மூன்றாஞ் சுரங்கள் சேர்ந்து ஸ்தாயியை நிறைக்கும் கூட்டு அது. பியானோவில் 300ஐ நான்காற் பெருக்கின் 1200, வட்டம் கூடும். தூய விகிதத்தில் நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 1263 ஆகி, ஸ்தாயியைத் தாண்டி 63 சென்ட் வழிந்துவிடும்.

இதன் முடிமணியாக ஜான் கோல்ட்ரேன் 1959ஆம் ஆண்டிற் பதிவுசெய்து 1960ஆம் ஆண்டில் வெளிவந்த "ஜெயண்ட் ஸ்டெப்ஸ்" என்னும் படைப்பைக் கூறலாம். அப்பாட்டு பி, ஜி, ஈ பிளாட் என்னும் மூன்று அடிச்சுரங்களிடையே விரைந்து சுழல்கின்றது. ஒவ்வொன்றிற்கும் இடையே ஒரு மேஜர் மூன்றாஞ் சுர இடைவெளி. பியானோவில் 400ஐ மூன்றாற் பெருக்கின் 1200. மூன்று தாவலில் புறப்பட்ட இடம் வந்து சேரும். தூய மூன்றாஞ் சுரத்தாற் சென்றால் மூன்றும் சேர்ந்து 1159. வீட்டு வாயிலுக்கு 41 சென்ட் எட்டாமல் நின்றுவிடும். அப்பாட்டை அவ்வாறு வாசிப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அடிச்சுரம் விலகிக்கொண்டே போகும். மூன்று அடிச்சுரங்களும் ஒரு முக்கோணமாய் நின்று ஒன்றையொன்று சமமாக நோக்கும் அழகு அழிந்துபோம். யான் "பொய்" என்று பழித்த அந்தப் 14 சென்ட் மிகுதியாலன்றோ இப்பாட்டு உயிர் வாழ்கின்றது!

6. இரண்டும் ஓரிடத்தில்

அங்ஙனமாயின் சமச்சுருதியே வென்றது என்று கூறலாமோ? அதுவும் பிழையே. 1925ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பெஸ்ஸி ஸ்மித் என்னும் புகழ்பெற்ற பாடகியார் "செயின்ட் லூயி ப்ளூஸ்" என்னும் பாட்டை இசைத்தட்டிற் பாடினார். அதனை இயற்றி 1914ஆம் ஆண்டில் வெளியிட்டவர் டபிள்யூ. சி. ஹாண்டி. உடன் கார்னெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பக்கவாத்தியம் வாசித்தவர் பிரெட் லாங்ஷா. அவர் வாசித்தது பியானோ அன்று; நாம் நன்கறிந்த ஆர்மோனியத்தின் இனத்ததாகிய காற்றுப்பெட்டி. அது நெகிழாத சுரங்களை நீட்டி நிற்க, பாடகியாரின் குரல் அச்சுரங்களின் இடையே வழுக்கியும் வளைந்தும் தாழ்ந்தும் செல்கின்றது. அடி முடியுமிடங்களிற் கார்னெட் அவ்வளைவிற்கு மறுமொழி கூறுகின்றது. பெட்டி நிலம், குரல் அதன்மேல் ஓடும் நீர். நிலம் அசையாது நிற்றலாலேயே நீரின் வளைவு நமக்குத் தெரிகின்றது. ஜாஸ் இசை இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்து மற்றதைத் தள்ளவில்லை. இரண்டிற்கும் இடையேயுள்ள இழுபறியையே தன் சுவையாகக் கொண்டது.

இவ்வழக்கு நம் நாட்டிற்கும் புதியதன்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஸ்தாயியை 22 சுருதிகளாகக் கொள்ளும் கொள்கையை மறுத்து, 12 சுரம், 24 சுருதி எனச் சமமாகப் பகுப்பதே பழந்தமிழர் முறை என வாதித்தார். பஞ்சமம் பஞ்சமமாகச் சென்று பாலை திரிக்கும் வட்டம் குறையாமற் கூடவேண்டும் என்பது அவர் வாதத்தின் ஒரு கூறு. விபுலாநந்த அடிகளோ 1947ஆம் ஆண்டில் வெளியான யாழ் நூலில் விகிதக் கணக்கின் வழியே சென்றார். வட்டம் கூடவேண்டும் என்பார்க்குச் சமப்பகுப்பு வேண்டும். சுரம் தூயதாய் ஒலிக்கவேண்டும் என்பார்க்கு விகிதம் வேண்டும். கோல்ட்ரேனின் முக்கோணத்தைக் கணக்கிட்டபொழுது, ஏட்டில் வெறும் எண்களாகப் படித்த அவ்வாதத்தின் பொருள் எனக்கு முதன்முறையாகச் செவிவழியே விளங்கிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். ஏழாங்கூட்டு நிலைத்து நின்று ஒலிக்குமிடத்து இயற்கைச் சுருதி அதற்கு ஒளி தருகின்றது. ஆறு-ஒன்பது போன்ற கூட்டுக்களில் முழுத்தூய்மை என்பதே இல்லை. நடக்கும் கூட்டுக்களைச் சமச்சுருதி வீடு சேர்க்கின்றது. திரும்பும் கூட்டுக்கள் சமச்சுருதியிலேயே பிறந்து, அதிலேயே வாழ்கின்றன. ஆகவே ஒரு சுரக்கூட்டைக் காட்டி, "இதற்கு எச்சுருதி உரியது?" என்று வினவினால், "அஃது எங்கிருந்து வருகின்றது? எங்கே செல்லவிருக்கின்றது?" என்று திரும்ப வினவாமல் விடை கூறல் இயலாது. கூட்டைத் தனியே பிடித்து நிறுத்தி அதன் தூய்மையை அளந்து, அதுகொண்டே ஓர் இசை முழுவதையும் பொய் என்று தீர்ப்பளித்தேனே, அஃதே யான் செய்த பிழை.

பின்னர் நடந்ததையும் கூறி முடிக்கின்றேன். மறுவாரப் பயிற்சியில் எங்கள் பயிற்றுநர் ஒரு மாற்றம் செய்தார். பாட்டு நடக்குமிடங்களில் அடிச்சுரம் பாடும் எங்களை, பியானோவின் சுரத்தை நெஞ்சில் நிறுத்திச் சிறிதும் இறங்காமற் பிடிக்கச் செய்தார். ஒவ்வொரு பாவின் இறுதியிலும் நீண்டு நிற்கும் கூட்டில் மட்டும், மூன்றாஞ் சுரம் பாடுவோரைச் செவியின் வழியே சற்றுத் தாழ்ந்து அமையச் செய்தார். ஆராதனை நாளன்று நான்காம் பாவில் ஆர்கன் வந்து கூடியபொழுது எவரும் திடுக்கிடவில்லை. அதற்கு முந்திய கூட்டோ, விம்மல் ஒன்றும் இன்றி ஆலயத்தின் மோட்டுவளை எங்கும் நிறைந்து நின்றது. கணக்கு இரண்டும் ஒரே பாட்டில் வாழ இடமுண்டு என்பதை அன்று கண்டேன்.

இசைநூல் முற்றக் கற்றறியாத சிறியேன் எழுதிய இதன்கண் குற்றங்கள் இருப்பின் அறிஞர் பொறுத்துத் திருத்துவாராக. சென்ற ஆண்டு கைகொட்டிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மன்றத்துப் பியானோவில் ஜி ஏழையும் டி பிளாட் ஏழையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி, பின்னர்ச் சிக்கு வந்து சேருங்கள். அக்கதவு திரும்பும் ஓசையைக் கேட்டபின், யான் அன்று கூறியதை மறந்துவிடுங்கள்.

— தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன்